நானூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் வண்டியைத் தேடி ஒரு சுற்று

பொங்கல் கழிந்த மறுவாரம் நானும் என் மனைவி பழனியம்மாளும் சேலத்திலிருந்து கிளம்பி, சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல், புதுச்சத்திரம் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுநாள் ராத்திரி சாப்பாட்டு வேளைக்கு வீடு வந்து சேர்ந்தோம். இப்போது யாரைக் கேட்டாலும் மேட்டூர் அணை பார்க்கப் போகிறார்கள். எங்கள் தெருவில் அணையைப் பார்க்காதவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் பாக்கி. "அணைக்கா?" என்று கேட்டவர்களிடம், "இல்லை, பழைய ரயில் பெட்டி ஒன்றைப் பார்க்க" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன். அந்தப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்கு வழியும் செலவும் தெரியட்டும். நாங்கள் ஏன் போனோம் என்பதும் தெரியட்டும்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளி மண்டியில் நான் பார்சல் குமாஸ்தா. வேட்டி சேலை மூட்டைகளைச் சூரமங்கலம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், எடை போட்டு, ரயிலேற்றி அனுப்புவது என் வேலை. எந்த வண்டியில் எந்தக் கதவு சரியாகச் சாத்தாது என்பது எனக்கு அத்துப்படி. பெண்டாட்டிக்குப் பிடித்த பலகாரம் என்ன என்று கேட்டால் யோசிக்க வேண்டும். இதை நான் சொல்லவில்லை, அவளே தெருவெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

பழனியம்மாள் பிறந்தது ரயிலில். அவளுடைய அம்மா சேலத்தில் வாழ்க்கைப்பட்டவள், பிறந்த வீடு சங்ககிரி. தலைப்பிரசவத்துக்கு அழைத்துப் போக ஆள் வந்தபோது மார்கழி பிறந்துவிட்டதாம். மார்கழியில் பெண்ணை அழைக்கக் கூடாது, தை பிறக்கட்டும் என்று பெரியவர்கள் தள்ளிப் போட்டார்கள். தை பிறக்கும்வரை காத்திருந்த குழந்தை, அதற்கு மேல் காத்திருக்க ஒப்பவில்லை. மகுடஞ்சாவடி தாண்டி, சங்ககிரி வருவதற்குள், மூன்றாம் வகுப்பு ஸ்திரீகள் அறையில், கூட வந்த பெண்கள் சேலையை விரித்துப் பிடித்து மறைக்க, இவள் பிறந்துவிட்டாள்.

அப்போது தரையில் படுத்தபடியே அவள் அம்மா பார்த்துக்கொண்டிருந்தது, கதவுக்கு மேலே எழுதியிருந்த வண்டி நம்பரை. அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. கலப்பை மாதிரி ஒன்று, கம்பு மாதிரி ஒன்று, கொக்கு மாதிரி ஒன்று என்று உருவத்தை மட்டும் மனசில் வைத்திருந்து, கோலப்பொடியால் மகளுக்குப் போட்டுக் காட்டுவாளாம். "இதுதாஞ் சாமி நீ பொறந்த ஊடு" என்பாளாம். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் பழனியம்மாள் அதே மூன்றையும் எனக்குத் தரையில் போட்டுக் காட்டினாள். நான் படித்துச் சொன்ன அன்றைக்குத்தான் அது நானூற்றுப் பன்னிரண்டு என்று அவளுக்கே தெரிந்தது; மற்ற எண்களையும் அதற்குப் பிறகுதான் என்னிடம் கற்றுக்கொண்டாள்.

அவளுக்குப் பத்து வயதாகும்போது அந்தப் பெரிய காய்ச்சல் வந்தது. சங்ககிரிக்குப் போயிருந்த அம்மா, அம்மாவைப் பெற்றவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். அந்த வீடும் கைமாறிப் போயிற்று. அப்பா கொழும்புக்குக் கப்பலேறினார், பிறகு சேதியில்லை. அத்தை வளர்த்து எனக்குக் கட்டிக் கொடுத்தாள், அவளும் இப்போது இல்லை. ஆக, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மற்றப் பெண்கள் மூட்டை கட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்பும்போது இவள் வாசலில் நின்று வழியனுப்புவாள். ஒரு தடவை அடுத்த வீட்டு ராஜாமணி போய்விட்டு வந்ததும், அங்கே என்ன செய்தாய் என்று இவள் கேட்டாள். "என்னத்தக்கா பண்றது, பகல் பூரா தூங்கினேன். ஒருத்தரும் எழுப்பலை" என்றாள் அவள். அன்று ராத்திரி படுக்கும்போது பழனியம்மாள் என்னிடம், "பகல் பூரா தூங்கினாளாமுங்க" என்றாள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

இந்த நிலைமையில்தான் நம் பக்கத்து ரயில் பாதையில் பழைய வண்டிகளை மாற்றினார்கள். நாலு சக்கரத்து மர வண்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, எட்டுச் சக்கரத்து நீள வண்டிகளைக் கோத்தார்கள். பழையவற்றின் சக்கரமும் இரும்புச் சட்டமும் கழற்றி வைக்கப்பட்டன. மேலே இருந்த மரப் பெட்டி மட்டும் ஏலத்துக்குப் போயிற்று. நாமக்கல் பக்கம் இரண்டு மூன்று பெட்டிகள் போயிருக்கின்றன என்று பார்சல் ஆபீஸில் ஒருவர் சொன்னதைச் சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். குழம்புக் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. "அதுல நம்ம வண்டி இருக்குமுங்களா?" என்றாள். மறுநாளே முதலாளியிடம் இரண்டு நாள் லீவு கேட்டேன்.

கிளம்புகிற காலையில் ராஜாமணி வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள், மூட்டையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, பொறந்த ஊட்டுக்கா?" என்று கேட்டுவிட்டாள். பழக்கதோஷம்தான், பாவம். கேட்டபின் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்லை ராஜாமணி, சும்மா" என்றாள் என் மனைவி.

சூரமங்கலத்தில் காலை ஏழு மணிப் பாசஞ்சரைப் பிடித்தோம். சங்ககிரிக்கு ஆளுக்கு ஏழணா, தூரம் இருபத்து நாலு மைல். புது வண்டியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உள்ளேயே கக்கூஸ் உண்டு, மின்சார விளக்கு உண்டு, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து போகலாம். பழைய வண்டியில் விளக்குப் போடுகிறவன் கூரைமேல் ஓடி, ஒவ்வொரு ஓட்டையிலும் எண்ணெய் விளக்கை இறக்கிவிட்டுப் போவான். மழைநாளில் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீரும் இறங்கும். எதிரில் இருக்கிறவன் முழங்கால் நம் முழங்காலை இடிக்கும், மகுடஞ்சாவடி வருவதற்குள் அவனுக்கு எத்தனை பெண், எத்தனை பிள்ளை என்று தெரிந்துவிடும். சிரமம்தான். ஆனால் அந்தச் சிரமத்துக்காக நான் ஏங்குகிறேன், மறைப்பானேன்?

பழனியம்மாள் புது வண்டியை மேலும் கீழும் பார்த்தாள். பலகைகளுக்கு நடுவில் இருந்த இடத்தைக் கையால் அளந்தாள். "இதுல ஒரு பொம்பளைக்கு வலி கண்டா எங்கீங்க படுக்க வெப்பாங்க?" என்று கேட்டாள். மகுடஞ்சாவடி தாண்டியதும் வழக்கம்போல் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தத் தடத்தில் எப்போது போனாலும் அப்படித்தான். வெளியே சோளத்தட்டு அறுத்த காடும், பனைமரமும், நடுவில் எங்கேயோ அவள் பிறந்த இடமும் போய்க்கொண்டிருந்தன.

சங்ககிரி ஸ்டேஷனில் இறங்கியதும் ஓரத்தில் ஒரு பழைய பெட்டி தெரிந்தது. தண்டவாள வேலைக்காரர்கள் மண்வெட்டி, கடப்பாரை வைக்கிற அறையாக அதை வைத்திருக்கிறார்கள். அவள் என்னைத் தாண்டி ஓடினாள். ஆனால் அது சாமான் வண்டி, ஆள் வண்டியே இல்லை. போர்ட்டர் மாரிமுத்து எனக்குத் தெரிந்தவன். விஷயத்தைச் சொன்னதும் தலையைச் சொறிந்துகொண்டு, "ஆள் பொட்டி ரெண்டு இந்தப் பக்கம் வந்துச்சுங்க. ஒண்ணு செங்கோட்டுக் கடலை மில்லுல கெடக்குது. இன்னொண்ணு புதுச்சத்திரத்துல ஒருத்தரு ஊடாக் கட்டிக் குடியிருக்காருங்க. அங்க போயி ரயிலூடுன்னு கேட்டீங்கன்னா யாரும் சொல்லுவாங்க" என்றான். இன்னொன்று ஜலகண்டாபுரம் பக்கம் தறிக்காரர்கள் யாரோ எடுத்ததாகவும் கேள்வி என்றான்.

ஸ்டேஷனிலிருந்து சங்ககிரி ஊர் தள்ளி இருக்கிறது, ஒற்றை மாட்டு வண்டி கிடைக்கும். அங்கிருந்து திருச்செங்கோட்டுக்குப் பஸ் கட்டணம் இரண்டணா. பஸ் ஆள் நிரம்பினால்தான் கிளம்பும், கடிகாரத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. கடலை மில்லின் பின்புறம் அந்தப் பெட்டி கிடந்தது. பலகை, ஜன்னல் எல்லாம் பிடுங்கிவிட்டு, கழுத்து மட்டத்துக்குக் கடலைக்காய் கொட்டி வைத்திருந்தார்கள். மில் கணக்குப்பிள்ளையிடம் கெஞ்சி உள்ளே ஏறினேன். கடலை முழங்கால்வரை உள்வாங்கியது. வெளியே பெயிண்ட் அடித்துவிட்டாலும் உள்ளே கதவுக்கு மேல் நம்பர் அப்படியே இருந்தது: முந்நூற்று எண்பத்தெட்டு. கீழே நின்றவள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "பரவாயில்லீங்க, எறங்குங்க. வேட்டியெல்லாம் தூசி" என்றாள்.

அன்று ராத்திரி அங்கேயே சத்திரத்தில் தங்கினோம். விடிகாலையில் மலையேறிச் சாமி கும்பிட்டோம். மலைக்குப் போகிறவர்கள் வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும். படி சூடேறிவிட்டால் கால் வைக்க முடியாது. பழனியம்மாள் என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. இறங்கியபின் நாமக்கல் பஸ்ஸுக்கு ஐந்தணா. நாமக்கல்லில் கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டே இட்லி சாப்பிட்டோம், இட்லி நன்றாயிருந்தது, காப்பியைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். அங்கிருந்து சேலம் பஸ்ஸில் ஏறி எட்டு மைல் வந்தால் புதுச்சத்திரம், ஆளுக்கு இரண்டணா. "ரயிலூட்டுக்குங்களா?" என்று கண்டக்டரே கேட்டு, ஊர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் இறக்கிவிட்டார்.

ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. துவரைக் காட்டுக்கு நடுவில், கல் மேடை போட்டு, அதன்மேல் ஒரு ரயில் பெட்டி நிற்கிறது. இப்போதுதான் ஸ்டேஷனில் வந்து நின்றாற்போல் இருந்தது, சக்கரம்தான் இல்லை. வெளியில் பெரும்பகுதிக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கூரையில் விளக்கு இறக்குகிற ஓட்டை ஒன்றிலிருந்து அடுப்புப் புகை வந்துகொண்டிருந்தது. என்ஜின் இல்லாமலே புகைவிடுகிற ரயிலை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, பக்கத்தில் பார்த்தால் இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

வீட்டுக்காரர் பெயர் பெரியண்ணன், ஐம்பது வயது விவசாயி. அவர் சம்சாரம் செல்லாயி. யார் எவர் என்று கேட்குமுன்பே மோர் வந்துவிட்டது. பெரியண்ணனுக்குத் தன் வீட்டின் பெருமையைக் கேட்க ஆள் கிடைத்த சந்தோஷம். சேலத்திலிருந்து பெட்டியை மரம் ஏற்றுகிற வண்டிகளில் வைத்து, நாலு ஜோடி மாடு பூட்டி இழுத்து வந்தார்களாம். வீடென்றால் கிழக்குப் பார்த்த வாசல் வேண்டும். இதற்கோ இரண்டு பக்கமும் வாசல். மேற்குப் பக்கத்துக் கதவுகளையெல்லாம் ஆணியடித்து மூடிவிட்டார்கள். நாலு அறையில் மூன்றின் தடுப்பை எடுத்துச் சமையலுக்கும் படுக்கைக்குமாக ஒன்றாக்கிவிட்டார்கள். புகை படிந்து அங்கே எழுத்து, எண் எதுவும் பாக்கியில்லை. நான் முதல் வேலையாக அதைத்தான் பார்த்தேன்.

"அந்தக் கடைசி அறை?" என்று கேட்டேன். வடக்குக் கோடியில் ஓர் அறை மட்டும் சுண்ணாம்பு படாமல் பழைய மரநிறத்திலேயே இருந்தது. கதவில் 'ஸ்திரீகள்' என்று எழுத்தும், முக்காடு போட்ட ஒரு பெண்ணின் படமும் அழியாமல் இருந்தன. பித்தளைக் கைப்பிடியில் கை வைத்துவிட்டேன்.

"ஏனுங்க, ஏனுங்க! அங்க போகாதீங்க!" என்று செல்லாயி ஓடிவந்தாள். "அதுக்குள்ளார ஆம்பளைங்க கால் வெக்கக் கூடாதுங்க. அவராதம் போட்டுருவாங்க."

"யாரம்மா போடுவார்கள்? இது இப்போது உங்கள் வீடு அல்லவா?"

"எனக்கென்னங்க தெரியும்? எழுதி வெச்சிருக்குதுல்லங்க. வண்டியோட்டிக்கிட்டு வந்தவர் சொல்லிப்போட்டுத்தானுங்க போனாரு. ஆம்பளை ஏறினா அம்பது ரூபா அவராதம், போலீசு வந்து புடிச்சிக்கிட்டுப் போயிருமுன்னு."

நான் பெரியண்ணனைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். "காசு குடுத்து வாங்கினது நானுங்க. உள்ளார எப்படியிருக்குமுன்னு எனக்கே தெரியாதுங்க" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். அந்த வண்டிக்காரர் விளையாட்டுக்குச் சொன்னாரோ, நிஜமென்று நம்பித்தான் சொன்னாரோ, ரயில்காரர்களின் சட்டம் பெட்டியோடு சேர்ந்து வந்துவிட்டது என்றே இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஏலத்தில் போன அன்றே அந்தச் சட்டமும் போயிற்று என்று நான் எவ்வளவோ விளக்கிப் பார்த்தேன். "இருக்கட்டுமுங்க, எதுக்கு வம்பு?" என்று ஒரே வார்த்தையில் செல்லாயி முடித்துவிட்டாள்.

ஆனால் அந்தத் தப்பு எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது பாருங்கள். பெட்டி வந்த முதல் ஐப்பசியில், அடைமழையில், களையெடுக்க வந்த ஒரு பெண்ணுக்குக் காட்டிலேயே வலி கண்டுவிட்டது. ஆண்கள் எட்டிப் பார்க்காத இடம் அது ஒன்றுதான் என்று செல்லாயி அவளை அந்த அறைக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். சுகப்பிரசவம். பிறகு இவள் மருமகளுக்கு. பிறகு பக்கத்துக் காட்டுப் பெண்களுக்கு. இப்போது அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிரசவமென்றால் ரயிலூட்டுக்கு வா என்கிறார்களாம். மூட்டை வைக்கிற இரும்புத் தட்டில் தொட்டில் கட்டுகிறார்களாம்.

"இதுல பொறந்த பொட்டப் புள்ளைங்களுக்கு வருசா வருசம் பொங்கலுக்கு இங்கிருந்துதானுங்க அரிசி, தேங்கா வெச்சு மடி கட்டி உடறது. அவுங்க ஆயா ஊடு எங்க வேணா இருக்கட்டும். பொறந்த எடம் இதுதானுங்களே" என்றாள் செல்லாயி.

அதுவரை மோர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்த பழனியம்மாள், மேடைக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "நானும் ரயில்ல பொறந்தவதாங்க" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மார்கழி, மகுடஞ்சாவடி, விரித்த சேலை, கலப்பை, கம்பு, கொக்கு. சொல்லச் சொல்ல விரலால் மண்ணில் அந்த மூன்றையும் எழுதினாள். இத்தனை வருஷத்தில் அவள் இதை முழுசாக வேறொருவரிடம் சொல்லி நான் கேட்டதில்லை. செல்லாயி அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள். "நீயே உள்ளார வந்து பாரு சாமி" என்றாள்.

"கதவுக்கு மேலே, பழனி! உள்பக்கம், கதவுக்கு மேலே பார்!" என்று நான் வெளியிலிருந்து கத்தினேன். அவள் மிதிபலகையில் கால் வைத்து ஏறினாள். கதவு சாத்திக்கொண்டது. பித்தளைத் தாழ் 'களுக்' என்று விழுகிற அந்தச் சத்தம் இருக்கிறதே, புது வண்டிகளில் அது கிடையாது. எத்தனை ராத்திரி எத்தனை ஸ்டேஷனில் கேட்ட சத்தம்! துவரைக் காட்டு நடுவில் அதைக் கேட்டபோது, வண்டி கிளம்பிவிட்டது, நான் மட்டும் பிளாட்பாரத்தில் நின்றுவிட்டேன் என்று தோன்றியது.

நம்பர் பார்க்க எவ்வளவு நேரமாகும்? காத்திருந்தேன். பெரியண்ணன் கிரகப்பிரவேசக் கதையைச் சொன்னார். பசுமாடு மிதிபலகையில் ஏற மாட்டேனென்று முரண்டு பிடித்ததாம். கடைசியில் கன்றுக்குட்டியை நாலு பேர் தூக்கி உள்ளே விட்டு, அது பின்பக்கக் கதவு வழியாகக் குதித்து ஓடி, அன்றைக்குத்தான் மேற்குக் கதவுகளுக்கு ஆணி அடித்தார்களாம். சிரித்தேன். ரோட்டில் சேலம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. இன்னொன்றும் போயிற்று. என் பொறுமை கரைந்துகொண்டே வந்தது. எழுந்து கதவருகே போய், "பழனி, என்ன நம்பர்?" என்று கூப்பிடப் போனேன்.

கதவு ஒரு சாண் திறந்தது. செல்லாயி வாயில் விரலை வைத்துக்கொண்டு தலையை நீட்டினாள். "சத்தம் போடாதீங்க. புள்ளை தூங்குது" என்றாள்.

புள்ளை! முப்பது வயது தாண்டியவள், எனக்கு முன்னால் எழுந்து எனக்குப் பின்னால் படுக்கிறவள், பகலில் ஒரு நாளாவது தலை சாய்த்து நான் பார்த்ததில்லை. நகர்ந்து போய்க் கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டேன். பெரியண்ணன் ஏதோ கேட்டார், கைஜாடையால் அவரையும் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுப்புக்குப் போன செல்லாயியின் மருமகள்கூடப் பாத்திரத்தை ஓசைப்படாமல் வைத்தாள். மூன்றாவது பஸ்ஸும் போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெயில் தாழ்ந்து நிழல் நீண்டபிறகுதான் கதவு திறந்தது. கன்னத்தில் பாயின் வரிகளோடு பழனியம்மாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினாள். என்னைப் பார்த்து, "நேரமாயிருச்சுங்களா?" என்றாள். அவளை உட்கார வைத்துச் செல்லாயி தலைவாரிப் பின்னிப் பூ வைத்துவிட்டாள். எண்ணெய் கேட்டு, சீப்புக் கேட்டு, சிக்கெடுக்கும்போது 'ஸ்' என்று இவள் கத்த, "ஆட்டாத, சும்மா இரு" என்று அவள் அதட்ட, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு முந்தானையை விரிக்கச் சொல்லி, அரிசி, மஞ்சள், வெல்லம், ஒரு தேங்காய், காட்டில் பறித்த துவரைக்காய் எல்லாம் வைத்து முடிந்து கொடுத்தாள். "அடுத்த பொங்கலுக்கு வந்துரு சாமி. ஆளனுப்பட்டும்னு காத்திருக்காத, நீயே வந்துரோணும்" என்றாள். இவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

புளியமரத்துக்கு நடக்கும்போது எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "நம்பர் பார்த்தாயா?" என்றேன்.

"பார்த்தேனுங்க. ஐநூத்தி அறுபத்தேழு."

நான் அப்படியே நின்றுவிட்டேன். "அப்படியென்றால்..."

"நம்ம வண்டி இல்லீங்க. உள்ள போனதும் மொதல்ல அதைத்தான் பார்த்தேன். கலப்பையும் இல்லை, கொக்கும் இல்லை. அவங்ககிட்டயும் உடனே சொல்லிட்டேன்."

"அவர்கள் என்ன சொன்னார்கள்?"

"'அந்த வண்டி எங்க யாரு காட்டுல நிக்குதோ, தெரிஞ்சா அப்பறம் பார்த்துக்கலாம். பாயைப் போட்டுட்டேன், படு சாமி'ன்னாங்க. படுத்துட்டேனுங்க."

எனக்கு மனசு ஆறவில்லை. பார்சல் குமாஸ்தாவின் புத்தி. மூட்டைமேல் உள்ள நம்பர் சரியில்லை என்றால் நான் அதை ஏற்றுவதில்லை. "ஜலகண்டாபுரத்தில் இன்னொரு பெட்டி இருக்கிறதாம். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிடலாம்" என்றேன். முந்தானை முடிச்சைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டே, "நீங்க வேணும்னா போய்ட்டு வாங்க" என்றாள்.

நானூற்றுப் பன்னிரண்டு எங்கே இருக்கிறதோ தெரியாது. யாராவது விறகாக உடைத்திருக்கலாம். யார் வீட்டிலாவது அதன் கதவு கதவாகவே இருக்கலாம். எனக்கு இன்னும் அதன்மேல் ஏக்கம் போகவில்லை. சூரமங்கலத்தில் மூட்டை எடை போடும்போது, ஓரத்து இருப்புப்பாதையில் பழைய வண்டி ஏதாவது நின்றால் இன்றைக்கும் நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன். ஆனால் அவளுக்கு அந்த ஏக்கம் இல்லை என்பதைக் கவனித்தேன். மகுடஞ்சாவடியைப் பற்றிப் பேச்சு வந்தால் இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இந்தச் சுற்றுக்குத் தை, மாசி உத்தமம், பங்குனிக்குமேல் பஸ்ஸில் உட்கார முடியாது. ரயில், பஸ் எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒன்றரை ரூபாய்க்குள் அடங்கும். புதுச்சத்திரத்திலிருந்து சேலம் இருபத்தைந்து மைல், ஆறணா. நாமக்கல்லில் காப்பிக்குப் பதில் மோர் சாப்பிடுங்கள். புளியமரத்தடியில் கையைக் காட்டினால் எந்தப் பஸ்ஸும் நிற்கும், கடைசிப் பஸ் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வரும். ரயிலூட்டுக்காரர்கள் யாரையும் வெறும் வாயோடு அனுப்புவதில்லை. கைக்குழந்தைகள் பல உள்ள இடம், கொஞ்சம் சர்க்கரை வாங்கிப் போவது மரியாதை. ஆண்கள் மூன்று அறையையும் சுற்றிப் பார்க்கலாம். நாலாவதற்கு ஆசைப்பட வேண்டாம், அபராதம் கட்டுகிறேன் என்று நான் சொல்லிப் பார்த்தும் நடக்கவில்லை.

இன்னொன்று பாக்கி. அந்தக் கடைசிப் பஸ்ஸில் நாங்கள் ஏறியபோது உள்ளே நல்ல கூட்டம். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே எங்களிடம் வந்தார். தலை நிறையப் பூவும், மடியில் முடிச்சும், தூங்கியெழுந்த முகமுமாக இருந்தவளைப் பார்த்து, "ஏனுங்கம்மா, எங்க போய்ட்டு வாரீங்க?" என்று சும்மா கேட்டார். பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

"பொறந்த ஊட்டுக்குங்க" என்றாள் பழனியம்மாள், பஸ் முழுக்கக் கேட்கும்படி.